கந்தகப் புகையும் கடலோர நாற்காலிகளும்

நான் வேலை பார்த்த கடலோர ஹோட்டலுக்கு இரும்பு நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டனவாம். வெள்ளைச் சாயம் பூசி, காலில் ரப்பர் மாட்டி, மழையோ வெயிலோ புல்தரையிலேயே கிடக்கும்படி செய்த நாற்காலிகள். அங்கே வேலை செய்யும் இரண்டு பேர் போன வாரம் பினாங்கு புலாவ் தீக்குஸில் என் மகள் வீட்டுக்கு வந்து சொன்னார்கள்.

"இனிமே மழை மாசத்துல ஒன்னும் உள்ள தூக்க வேணாம் லா அண்ணே. சொகமான வேலை," என்றான் ஒருவன். மற்றவன், "உங்க காலத்துல கிட்டங்கிய மூடிட்டு கந்தகம் போடுவீங்களாமே, அது எதுக்குண்ணே?" என்று கேட்டான். பூச்சிக்கு என்று மட்டும் சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. வாயால் வராததை எழுதியாவது பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என்னை ஹோட்டலில் சேர்த்துவிட்டவர் என் சித்தப்பா. முதல் மூன்று வருஷம் நாற்காலி கழுவினேன், அடுத்த இரண்டு வருஷம் நாற்காலி துடைத்தேன். அவ்வளவுதான் என் படிப்பு. புல்தரையிலும் கடலைப் பார்த்த வராந்தாவிலுமாக நூற்றிருபது பிரம்பு நாற்காலிகள், சாய்ந்து படுக்கிற நீள நாற்காலிகள், தேக்குப் பெஞ்சுகள். துரைமாரும் துரைசானிமாரும் சாயங்காலம் அவற்றில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பார்கள். நாங்கள் அவர்களைப் பார்ப்பதில்லை. அவர்கள் எழுந்து போன பிறகு நாற்காலியைத்தான் பார்ப்போம்.

பினாங்கில் ஏது பனிக்காலம்? இருப்பது மழை மாதம். புரட்டாசியில் பிடித்தால் கார்த்திகை வரை விடாது. கடல்காற்று உப்பைக் கொண்டுவந்து பிரம்பில் பூசும், மழை அதை உள்ளே இறக்கும், பிறகு உளுப்பூச்சி வரும். மலாய்க்காரர்கள் பூபோக் என்பார்கள். பார்ப்பதற்கு நாற்காலி நன்றாகத்தான் இருக்கும். கனமான துரை ஒருவர் உட்காருவார், மடார் என்று ஒரு சத்தம். அப்புறம் எங்கள் எல்லோருக்கும் அர்ச்சனை.

ஒரு வருஷம் புது மானேஜர் துரை கப்பலிலிருந்து இறங்கிய கையோடு ஒரு உத்தரவு போட்டார். அவர் ஊரில் பனிக்காலம் வந்தால் தோட்டத்து நாற்காலிகளைக் கித்தானால் இறுக்கிச் சுற்றி, கயிறு கட்டி, வெளியிலேயே விட்டுவிடுவார்களாம். இங்கேயும் அப்படியே செய்யச் சொன்னார். துரை சொன்னால் மறுபேச்சு ஏது? இறுக்கிக் கட்டினோம். மூன்று வாரம் கழித்து அவிழ்த்துப் பார்த்தால், ஐயையோ, நாற்காலி முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூசணம்! ஒரு நீள நாற்காலியின் கைப்பிடியில் காளான் குடை விரித்து நின்றது. துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஊரில் குளிரும் இங்கே புழுக்கமும் ஒன்றல்ல என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு எல்லாம் ஸ்டோர் கணக்குப் பார்த்த கிராணி ஆரோக்கியசாமி ஐயா இஷ்டம்தான்.

ஆரோக்கியசாமி கிராணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒல்லியான மனிதர். கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, அதில் ஒரு கறை பார்த்ததில்லை. குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். அவர் கிசுகிசுக்க ஆரம்பித்தால் நாங்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கழுவிய நாற்காலியை அவர் பார்க்கிற விதமே தனி. கைக்குட்டையால் அடிப்பக்கத்தை ஒரு தடவு, மூக்கருகே கொண்டுபோய் ஒரு முகர்வு, அப்புறம் கைப்பிடியில் நாக்கு நுனியை வைத்து ஒரு தொடல். ஆமாம், நாற்காலியை நக்கிப் பார்ப்பார்! உப்பு போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவருக்குத் தெரிந்த வழி அது. "அந்தோணி, இன்னும் கரிக்குது," என்று என்னிடம் மெதுவாகச் சொல்வார். மறுபடி மூன்று வாளி நல்ல தண்ணீர். போகப்போக நாங்களும் நக்கப் பழகினோம். வீட்டில் ரசம் வைத்தால் உப்பு சரியா என்று என் பெண்சாதி என்னிடம்தான் கேட்பாள்.

முறையைச் சொல்கிறேன். கழுவிய நாற்காலிகளை வெயில் படாமல் வராந்தாவில் கவிழ்த்துவைத்து அரைக் காய்ச்சலாகக் காய வைப்போம். தேக்குப் பெஞ்சுக்கு எண்ணெய் தேய்ப்போம். பித்தளைக் குமிழ்களுக்குக் கொழுப்புப் பூசுவோம், இல்லாவிட்டால் கந்தகம் அவற்றைக் கருக்கிவிடும். பிறகு பின்கட்டுக் கிட்டங்கியில், தரையில் செங்கல் பரப்பி, அதன்மேல் கூரை எட்டும் அளவுக்கு அடுக்குவோம். கிட்டங்கிக்குள் ஏணி வைத்து ஏறுகிற ஒரு பரண் உண்டு. மெத்தைகளும் கித்தானும் அங்கே போகும். எல்லாம் உள்ளே போனதும் ஜன்னல் இடுக்குகளில் கஞ்சிப் பசை தடவிக் காகிதம் ஒட்டுவோம். மூன்று இரும்புச் சட்டிகளில் மணல், மணல்மேல் கரி நெருப்பு, நெருப்பின்மேல் கந்தகம். கடைக்கோடிச் சட்டியில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பற்றவைத்துக்கொண்டே, மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வரவேண்டும். கதவைச் சாத்தி, அதன் இடுக்கிலும் காகிதம். இரண்டு நாள் திறக்கக் கூடாது. அந்தப் புகையில் பூச்சி சாகும், பூசணம் சாகும், பிரம்பு வெளுத்துப் பளபளக்கும். உயிர் உள்ள எதுவும் அதில் தப்பாது.

உள்ளே யாரும் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்வோம்? அதற்கும் கிராணி ஒரு வழி வைத்திருந்தார். மழை மாதத்தில் நாற்காலி வேலைக்கு இருந்த நாங்கள் எட்டுப் பேரும் கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டுதான் புல்தரையில் நடப்போம். சேற்றுக் கட்டையோடு கிட்டங்கிக்குள் நுழைந்தால் அவர் தொலைத்துவிடுவார். வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஆகவே வாசலில் கட்டை இருந்தால் உள்ளே ஆள் உண்டு, கட்டை இல்லையென்றால் ஆள் இல்லை. சட்டி பற்றவைக்கும் முன் கிராணி ஒரே ஒரு கேள்வி கேட்பார். "கட்டை பாத்தாச்சா, அந்தோணி?" நான், "பாத்தாச்சுங்க ஐயா," என்பேன். பத்து வருஷம் இது ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

எங்கள் எட்டுப் பேரில் வடிவேலு என்று ஒருவன் இருந்தான். என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் வீடு. கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை. அந்த ஐப்பசியில் முருகனுக்குச் சஷ்டி விரதம் இருந்தான். ஆறு நாளும் ஒரு வேளை பாலும் பழமும்தான். அதையும் சாயங்காலம் அவன் பெண்சாதி செல்லம்மா ஹோட்டலின் பின்கேட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள். நானும் கிராணியும் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர்கள். எங்களுக்கு அந்த விரதத்தின் கணக்கெல்லாம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூக்கிப்போடுகிறது.

நாலாம் நாள் காலையில் அவன் சேற்றில் வெறுங்காலோடு வந்தான். "ஏன்டா வெறுங்காலு? கட்டைய அடகு வச்சிட்டியா?" என்று கேட்டேன்.

"சஷ்டிண்ணே. இன்னைக்கிலேருந்து முடியிற வரைக்கும் கால்ல ஒன்னும் போடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்."

"முருகன் புள்ள குடுப்பாரோ இல்லையோ, உனக்குச் சளி நிச்சயம்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இந்த வாயால் நான் கேட்டு, இந்தக் காதால் நான் கேட்ட பதில்!

அன்றைக்குத்தான் கிட்டங்கி மூடும் நாள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பரண்மேல் மெத்தைகள் தாறுமாறாகக் கிடந்தன. "வடிவேலு, மேல ஏறி அதை ஒழுங்கா அடுக்குடா, பத்து நிமிஷ வேலை," என்று நான்தான் அனுப்பினேன். அவன் ஏணியில் ஏறுவதைப் பார்த்தேன். அப்போது பார்த்துச் சடசடவென்று மழை பிடித்தது. புல்தரையில் இன்னும் ஆறு பெஞ்சுகள் எண்ணெய் காயாமல் கிடந்தன. "பெஞ்சு! பெஞ்சு!" என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடினோம். பெஞ்சைத் தூக்கி, துடைத்து, கிட்டங்கியில் அடுக்கி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மழையும் விட்டது. வடிவேலு என் மனசிலிருந்து சுத்தமாக நழுவிப்போயிருந்தான்.

கிராணி தன் கோட்டுப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். "கட்டை பாத்தாச்சா, அந்தோணி?"

வாசலைப் பார்த்தேன். ஈரப்படியில் ஒரு கட்டைகூட இல்லை. "பாத்தாச்சுங்க ஐயா," என்றேன்.

சட்டிகளைப் பற்றவைத்தோம். கதவைச் சாத்தினோம். நான் பசை தடவ, கிராணி காகிதத்தை நீவி நீவி ஒட்டினார். ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது அவருக்கு. பாதி ஒட்டும்போது உள்ளே டக் டக்கென்று ஏதோ சத்தம். கிராணி கையை நிறுத்தினார். "அது என்ன சத்தம்?"

"பிரம்பு காயுதுங்க ஐயா. சூடு பட்டா வெடிக்கும்ல," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மிச்சக் காகிதத்தை ஒட்டினார். பிரம்பு அப்படி வெடிப்பது உண்டுதான். ஆனால் இரண்டு இரண்டாக, நிறுத்தி நிறுத்தி வெடிக்காது. அதை யோசிக்க எனக்கு அன்றைக்குப் புத்தி இல்லை.

கையைக் கழுவிக்கொண்டு பின்கேட்டுப் பக்கம் போனேன். செல்லம்மா பால் செம்பும் வாழைப்பழமுமாக நின்றிருந்தாள்.

"அவரு எங்கண்ணே?"

"வேலை முடிஞ்சு எல்லாரும் போயிட்டாங்களேம்மா. வீட்டுக்குப் போயிருப்பான்."

"இந்தக் கேட்டு வழியாத்தானே வரணும்? மேகம் கறுத்துச்சேன்னு இன்னைக்கு மழைக்கு முன்னாலயே வந்துட்டேன். காவக்காரர் கொட்டாயில ஒதுங்கிக்கிட்டு இங்கயேதான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவரு வரலையேண்ணே?"

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, பாருங்கள்! "உள்ள யாரும் இல்லம்மா, கட்டை பாத்துட்டுத்தான் மூடினோம்," என்றேன். சொல்லிக்கொண்டே அவள் காலைப் பார்த்தேன். அவளும் வெறுங்காலோடு சேற்றில் நின்றிருந்தாள்.

காலையில் வடிவேலு வந்து நின்ற வெறுங்கால் கண்ணில் நின்றது. நான் போட்ட கூச்சல் எனக்கே கேட்கவில்லை. கிட்டங்கிக்கு எப்படி ஓடினேன் என்று தெரியாது. கிராணி வாசலில் நின்று தன் காகித வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நகத்தால் அதைக் கிழிக்கிறேன். "அந்தோணி! என்ன பண்ற? கந்தகம் வீணாப் போவும்!" என்று அவர் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கத்தினார்.

"வடிவேலு உள்ள இருக்கான் ஐயா! அவனுக்குக் கட்டையே இல்ல! விரதம் ஐயா!"

அவர் முகம் ரத்தமிழந்து வெளுத்ததை அப்படியே பார்த்தேன். அடுத்த நொடி அவரே கதவை உதைத்துத் திறந்தார்.

புகை எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. தலைத்துண்டை வாளித் தண்ணீரில் முக்கி மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டு நுழைந்தேன். கண் எரிந்து ஒன்றும் தெரியவில்லை. தடவித் தடவி ஏணியைப் பிடித்து ஏறினேன். பரணின் கடைசியில் ஒரு சிறிய காற்றுத் துவாரம் உண்டு, கடலைப் பார்த்தது, இரும்புக் கம்பி போட்டது. அதில் ஒட்டியிருந்த காகிதத்தை அவன் பிய்த்தெறிந்திருந்தான். கம்பிக்கு இடையில் வாயை வைத்து அழுத்திக்கொண்டு கிடந்தான். நகமெல்லாம் ரத்தம். அந்தத் துவாரத்து வழியாக அவன் எங்களைத்தான் கத்திக் கூப்பிட்டிருக்கிறான். அந்தப் பக்கம் கேட்பதற்குக் கடல் மட்டும்தான் இருந்தது.

கூச்சல் கேட்டு ஹோட்டல் உள்ளேயிருந்து இரண்டு பேர் ஓடிவந்து கைகொடுக்க, அவனை இறக்கிக் கொண்டுவந்து புல்தரையில் போட்டோம். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு அறுக்கிற வாள் மாதிரி இழுத்தது. செல்லம்மா பால் செம்பைப் போட்டுவிட்டு அவன் மார்பில் விழுந்து கதறினாள். ரிக்ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். இன்னும் கால் மணி ஆகியிருந்தால் பிணம்தான் என்று டாக்டர் சொன்னாராம்.

எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். புகைக்குள் நுழைந்து உயிரைக் காப்பாற்றிய அந்தோணி! மானேஜர் துரையே கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிராணி மட்டும் கிட்டங்கிப் படியில் உட்கார்ந்திருந்தார். ஈரப் படியில், அந்த வெள்ளைக் கோட்டோடு. அவர் எங்கள் முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அங்கிருந்தே என்னைக் கேட்டார். குரல் வழக்கம்போல மெதுவாக.

"மேல அவனை யாரு அனுப்பினது, அந்தோணி?"

இப்போதுகூட எனக்கு நம்ப முடியவில்லை. என் வாய் தானாகத் திறந்தது. "தெரியலைங்க ஐயா. அவனா ஏறிப் படுத்திருப்பான். பட்டினி பாருங்க."

அவர் என்னை நம்பினார். பத்து வருஷமாக என் வார்த்தையை நம்பித்தானே கதவைச் சாத்தினார்! மானேஜருக்கு அதை இங்கிலீஷில் எழுதினார். வடிவேலு உத்தரவில்லாமல் பரணில் ஏறித் தூங்கியதாக எழுதியிருந்ததை எனக்குத் தமிழில் படித்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். போட்டேன். அதன் அடியில் அவர் இன்னொன்றும் எழுதினார். ஆளை எண்ணாமல் செருப்பை எண்ணும் முறையை வைத்தது தன்னுடைய புத்தி என்றும், குற்றம் தன்னுடையது என்றும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேலையை விட்டுவிட்டார். வடிவேலுவை ஹோட்டல் நீக்கிவிட்டது. கிட்டங்கிச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள். தைரியசாலி இல்லையா நான்!

இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவையும் நான் போகவில்லை. வேலை அதிகம் என்று பெண்சாதியிடம் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் வடிவேலுவும் செல்லம்மாவும் நிற்கிறார்கள். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம். பாதியாக இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் அப்படியே என் காலில் விழுந்துவிட்டார்கள்.

"எந்திரிங்க, எந்திரிங்க, என்ன இது?" என்று பதறினேன்.

"உசிரக் குடுத்தவரு நீங்க," என்று செல்லம்மா அழுதாள். வடிவேலு பேச வாயைத் திறந்தான். குரல் இல்லை. காற்றுதான் வந்தது. தொண்டை வெந்துபோய்விட்டதாம், இனி வராதாம். "வறுத்த கடலை, கச்சாங் பூத்தே விக்கலாம்னு இருக்கேண்ணே," என்று அந்தக் காற்றிலேயே சொன்னான். "தட்ட நான் தூக்குவேன். கூவுறதுக்கு இவ இருக்கா."

என் பெண்சாதி செல்லம்மாவைக் கைபிடித்துக் காப்பி குடிக்க உள்ளே கூட்டிப்போனாள். அவர்கள் தலை மறைந்ததும் அவன் என் பக்கத்தில் நகர்ந்து வந்தான். ஏன் பொய் சொன்னீர்கள் என்று இப்போது கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன், கிராணி வீட்டுக்கும் மானேஜரிடமும் போய் உண்மையைச் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவன் உள்பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதோரமாகச் சொன்னான். "அடுக்கி முடிச்சிட்டு, தலை சுத்துச்சுன்னு செத்த படுத்தேண்ணே. அது என் தப்புத்தான். நீங்க மேல அனுப்பினதை ஆஸ்பத்திரியில கிராணி ஐயா வந்து கேட்டப்பகூட நான் சொல்லலை. இவகிட்டயும் சொல்லலை. எனக்கு வேலை போனது போச்சு, உங்களுக்கும் எதுக்குப் போவணும்? நீங்க புள்ளகுட்டிக்காரரு."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டிலிருந்த வெற்றிலையைப் பார்த்தேன்.

"நல்லது தம்பி," என்றேன்.

அவ்வளவுதான் நான் அவனிடம் சொன்னது.